கதவில் தொங்கிய கரண்டி

பிப்ரவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். முட்டிவலி மட்டும் படியேறும்போது ‘நானும் இருக்கிறேன்’ என்று ஞாபகப்படுத்துகிறது. நீயும் உன் வீட்டுக்காரியும் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னவளுக்கு இருமல் விட்டதா? மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள் என்பதற்காகச் சொல்லவில்லை, வாரக்கணக்கில் இருமினால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பாதியிலேயே ‘மீட்டிங் இருக்குக்கா’ என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கடைசிவரை படித்தாக வேண்டும்.

தெருவில் ஒரு விஷயம். நம் எதிர்க்கட்டடத்தின் கீழ் அறையைத் திறந்துவிட்டார்கள். நாம் குடியிருந்த, அம்மா அடுப்பு வைத்துச் சந்தைக்காரர்களுக்குச் சமைத்துப்போட்ட அதே அறைதான். அவள் அடுப்பை அணைத்த பிறகு இத்தனை வருஷமும் பெயின்ட் டப்பா அடுக்கும் கிடங்காகக் கிடந்தது. இப்போது அங்கே பெரிய ஓட்டல் ஒன்று வரப்போகிறதாம். காலையிலிருந்து சாயங்காலம் வரை சுவரைக் கொத்துகிறார்கள். என் ஜன்னலைத் திறந்தால் டீயில் சிமென்ட் மிதக்கிறது.

தெரு முன்பு போல இல்லை. தெருமுனையில் ‘பழமை வாய்ந்த தெரு’ என்று ஒரு பித்தளைத் தகடு பதித்துவிட்டுப் போனார்கள். அது வந்ததிலிருந்து பழைய ஆட்கள் ஒவ்வொருவராகக் காலி செய்துகொண்டிருக்கிறார்கள். பூட்டுக்காரர் கடை இருந்த இடத்தில் வாசனை மெழுகுவர்த்தி விற்கிறார்கள். அவர் பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்தில் போய்க் குடியிருக்கிறார். தையல்காரர் மட்டும் மாடிப்படிக்குக் கீழே மெஷினைப் போட்டுக்கொண்டு நகரமாட்டேன் என்கிறார். வருகிறவர்கள் அவரையும் போட்டோ எடுக்கிறார்கள். ஒருத்தரும் ஒரு பொத்தான்கூடத் தைக்கக் கொடுப்பதில்லை.

என் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. முனைக்கடையில் பொட்டலம் வாங்கிக்கொள்கிறேன். அம்மா போனதிலிருந்து நான் அடுப்பில் வெந்நீரைத் தவிர வேறெதுவும் வைத்ததில்லை, வைக்கப்போவதும் இல்லை.

எப்போது வருகிறாய்? வந்து மூன்று வருஷமாகிறது.

உன் அக்கா.


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். இருமல் போய்விட்டது. உன் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துப் படிகளை மெதுவாக ஏறு.

கடிதம் எழுதியதற்குச் சந்தோஷம். வேலைதான் மூச்சுவிட விடுவதில்லை. முன்பெல்லாம் கடைகளுக்கு அலமாரி வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது கம்பெனியில் முழுக் கடையையும் நம்பி ஒப்படைக்கிறார்கள். சுவர், விளக்கு, நாற்காலி, மாட்டுகிற படம் எல்லாம் நான்தான். இந்த வருஷம் ஒரு வேலை நன்றாக முடிந்தால் என்னைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வார்கள்.

தெரு மாறுகிறது என்று கோபப்படாதே. பெயின்ட் கிடங்காகக் கிடப்பதைவிட நாலு பேர் வந்து சாப்பிடும் இடமாவது நல்லதுதானே?

ஒன்று கேட்க வேண்டும். அம்மாவின் பெரிய கரண்டி உன்னிடம்தானே இருக்கிறது? எனக்கு அனுப்புவாயா? வீட்டில் வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. பள்ளி விட்டு வந்து தெருவில் திரும்பினால் முதலில் அந்தக் கரண்டிதான் கதவில் தொங்கும். அதைப் பார்த்ததும் வீடு வந்துவிட்டது என்று இருக்கும். சின்னவளுக்கும் காட்ட வேண்டும்.

அன்புடன்,
தம்பி.


மார்ச் 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீ எண்ணெய் தேய்க்கச் சொன்னாய், தேய்த்தேன், முட்டி பளபளவென்று வலிக்கிறது.

கரண்டியை அனுப்பியிருக்கிறேன். அம்மா கைப்பிடித் துணியாக வைத்திருந்த பழைய துண்டிலேயே சுற்றியிருக்கிறேன். பார்சல் எடுத்தவன் ‘இரும்பா, உள்ள என்ன?’ என்று நான்கு தரம் கேட்டான். கரண்டி என்றேன். கரண்டியைப் போய்ப் பார்சல் பண்ணுகிறாளே என்று பார்த்தான்.

உண்மையைச் சொன்னால் நீ கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவின் சாமான் எதையும் நீ இதுவரை கேட்டதில்லை. அந்த ஒரே போட்டோவை மட்டும்தான் எடுத்துப்போனாய். இவனுக்கும் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடியில் இருக்கும் நசுங்கலைத் தட்டி நிமிர்த்திவிடாதே. அது எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது, நீ பள்ளியில் இருந்தாய். நேரில் வரும்போது சொல்கிறேன்.

எதிரே வாசலுக்குத் துணி கட்டி மறைத்துவிட்டார்கள். உள்ளே என்ன நடக்கிறதென்று ஒன்றும் தெரியவில்லை. ஓட்டல் முதலாளியை ஒருநாள் பார்த்தேன். சின்ன வயசு. தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டிருக்கிறார். தையல்காரர் அவருக்குக் கொண்டைக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார். மரியாதையாகத்தான் பேசுகிறார், குறை சொல்ல முடியாது.

கரண்டி வந்து சேர்ந்ததும் எழுது.

உன் அக்கா.


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கரண்டி பத்திரமாக வந்தது. சின்னவள் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள். எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஓட்டல் திறந்ததும் நீ ஒருநாள் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முகத்தை உம்மென்று வைத்துக்கொள்ளாமல் போக வேண்டும். எல்லாவற்றையும் இடித்துத் தள்ளாமல் அந்தப் பச்சைத் தரையை அப்படியே விட்டிருக்கிறார்களே, அதற்காகவே பாராட்டலாம். இந்தக் காலத்தில் யார் அப்படிச் செய்கிறார்கள்?

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி.


ஏப்ரல் 15

தம்பிக்கு,

நலம். அங்கும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பச்சைத் தரையைப் பற்றி நான் உனக்கு எழுதவில்லை. எழுதியிருக்கவும் முடியாது, எனக்கே தெரியாது. வாசலில்தான் துணி கட்டியிருந்தார்களே. டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவளடா நான். உன் கடிதத்தைப் படிக்கத் தெரியாதா?

வேலை முடிந்து நேரே எதிரே போனேன். கொண்டைக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். வாய் நிறைய ‘வாங்கம்மா’ என்று துணியை விலக்கினார். முதலில் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். ‘கரண்டியம்மா வீடு.’ தெருவில் அம்மாவை அப்படிக் கூப்பிட்டது சந்தைக்காரர்கள். அவளுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

பிறகு சுவர். தரையிலிருந்து உத்தரம் வரை அம்மாவின் முகம். அந்தப் போட்டோவில் அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்திருப்பாள், நான் பின்னால் ஈரத்தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு நிற்பேன். ஞாபகம் இருக்கிறதா? என்னை வெட்டிவிட்டாய். நன்றாக வெட்டவும் இல்லை. அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் ஒரு முழங்கை மிச்சமிருக்கிறது. அது என் முழங்கை. கொண்டைக்காரரிடம் இது யாருடையது என்று கேட்டேன். ‘அது ஏதோ நிழல்மா’ என்றார்.

அதற்குக் கீழே பெரிய எழுத்தில் இரண்டு வரி. ‘இங்கே ஒரு தாய் அன்பைச் சமைத்தாள். பசியோடு வந்த யாரையும் அவள் திருப்பி அனுப்பியதே இல்லை.’

இதெல்லாம் யார் வேலை என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். ‘உங்க தம்பிதானேம்மா எல்லாம் பண்ணாரு. உங்களுக்குத் தெரியாதா?’

எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. உட்கார்ந்தால் நாற்காலிகூட நீ தேர்ந்தெடுத்ததாக இருக்கும் என்று வந்துவிட்டேன்.

அந்தப் படமும் அந்த எழுத்தும் சுவரிலிருந்து இறங்க வேண்டும். பதில் போடு.

அக்கா.


மே 6

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். உன் பதில்தான் இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. உன் வீட்டுக்காரி எடுத்து ‘குளிக்கிறாங்க அண்ணி’ என்கிறாள். இத்தனை குளித்தால் உடம்பு கரைந்துவிடும்.

இன்று காலை ஜன்னலைத் திறந்தேன். எதிரே கதவை மாட்டிவிட்டார்கள். கதவின் நடுவில் அம்மாவின் கரண்டி தொங்குகிறது. போலி என்றுதான் முதலில் நினைத்தேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். நசுங்கல் அப்படியே இருக்கிறது, அதன் மேல் விழும்படி ஒரு சின்ன விளக்கு வேறு.

வீட்டில் வைத்துக்கொள்ள ஆசை என்று எழுதினாயே. சின்னவள் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாள் என்று எழுதினாயே. பிள்ளையை வைத்து ஏனடா பொய் சொன்னாய்? ஓட்டலுக்கு வேண்டும் என்று நேராகக் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன், அவ்வளவுதானே. நான் அதைத் துண்டில் சுற்றும்போது கண் கலங்கினேன். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போது வயிறு எரிகிறது.

படத்தை எடு. எழுத்தை அழி. எல்லாவற்றுக்கும் முன்னால் கரண்டியைக் கதவிலிருந்து இறக்கு. அதை உள்ளே எங்கு வேண்டுமானாலும் வை, கதவில் மட்டும் வேண்டாம். ஏன் என்று நான் சொல்லப்போவதில்லை. அம்மா வயிற்றில் பிறந்தவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா.


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. என்ன எழுதுவதென்று தெரியாமல் இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன்.

உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ மறுப்பாய் என்று தெரியும். கரண்டி விஷயத்தில் நான் செய்தது தப்பு. மற்றதில் எந்தத் தப்பும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம் அம்மாவைப் பற்றி ஊரில் யாருக்குத் தெரியும்? சந்தைக்காரர்கள் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். இப்போது எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்க்கப்போகிறார்கள். இது அவமானமா அக்கா? நீ எதையும் கசப்பாகவே பார்க்கிறாய். உன்னை வெட்டியது அளவு பொருந்தவில்லை என்பதால்தான், வேறு அர்த்தம் இல்லை.

எழுத்தில் என்ன பொய்? நான் எத்தனை தாமதமாக வந்தாலும் எனக்கு ஒரு தட்டு மூடி வைத்திருக்கும். விளையாடிவிட்டு இருட்டி வந்தாலும் இருக்கும். அப்படிப்பட்ட வீடு அது. அதைத்தான் எழுதினேன்.

கரண்டியை இறக்க முடியாது. முதலாளிக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். கதவில் கரண்டி தொங்கினால் உள்ளே சோறு இருக்கிறது, வாருங்கள் என்று அம்மா சொல்வது போல இருக்கும் என்று நான்தான் அவரிடம் விளக்கினேன். இந்த வேலையை எனக்குக் கொடுத்ததே அதைக் கேட்டுத்தான்.

ஜூன் முதல் தேதி திறப்பு. முதல் பந்தி நம் தெருவின் பழைய ஆட்களுக்குத்தான், இலவசம். அம்மா கையால் சாப்பிட்டவர்கள் அவர்கள். பூட்டுக்காரர், ரேடியோ ரிப்பேர் மாமா, காலி செய்துபோன எல்லோருக்கும் அழைப்பு அனுப்பியாகிவிட்டது. பத்திரிகைக்காரர்களும் வருகிறார்கள். என்னால் வர முடியாது, வேறு ஊரில் அன்றைக்கே ஒரு கடை. நீ படத்துக்குக் கீழே உட்கார். அம்மா ஸ்தானத்தில் நீ இருந்தால் எனக்குப் பெருமை. என் பங்கும் அன்றைக்குத்தான் முடிவாகும். எனக்காக ஒரு நாள் சிரித்த முகமாக இரேன்.

தம்பி.


மே 27

தம்பிக்கு,

சௌக்கியம்.

நான் படத்துக்குக் கீழே உட்காரமாட்டேன். என் முழங்கை அங்கே உட்கார்ந்திருக்கிறது, அது போதும்.

அம்மா அன்பைச் சமைத்தாள் என்று எழுதியிருக்கிறாய். அவள் சமைத்தது சோறும் பருப்பும். அப்பா செத்த பிறகு நம் இருவரையும் வைத்துக்கொண்டு வேறு வழி தெரியாமல் சமைத்தாள். விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைக்கும்போது அவள் வாயிலிருந்து வந்த வார்த்தைகளை அந்தச் சுவரில் எழுதினால் ஒருத்தரும் உள்ளே வரமாட்டார்கள். அடுப்பைத் திட்டுவாள், விறகைத் திட்டுவாள், தின்ன வருகிறவர்களைத் திட்டுவாள். அப்பாவைத் திட்டும்போது மட்டும் குரலைக் குறைத்துக்கொள்வாள். நீ அப்போது தூங்கிக்கொண்டிருப்பாய். உன்னை எழுப்பக் கூடாது, உனக்குப் பள்ளிக்கூடம். எனக்கும் பள்ளிக்கூடம் இருந்தது. எட்டாம் வகுப்பில் நின்றது. தட்டு கழுவ ஆள் வேண்டுமே.

அடுப்பை அணைத்த அன்று அவள் என்ன செய்தாள் தெரியுமா? நீ வேலைக்குப் போய் முதல் சம்பளம் அனுப்பியிருந்தாய். பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் போட்டுவிட்டு வந்து, கால் நீட்டிப் படுத்து இரண்டு நாள் தூங்கினாள். செத்துப்போகும்வரை ‘சமையல்’ என்று யாராவது சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளைக் கொண்டுபோய் மறுபடியும் அதே அறையில், அதே அடுப்படியில், எப்போதும் எழுந்திருக்க முடியாதபடி உட்கார வைத்துவிட்டாயே. இதைத்தான் பெருமை என்கிறாயா?

கரண்டியைப் பற்றி நீ முதலாளியிடம் சொன்ன விளக்கத்தைப் படித்தேன். கடைசியாக ஒரு தரம் சொல்கிறேன். திறப்புக்கு முன் அதைக் கதவிலிருந்து இறக்கிவிடு. உனக்கு நல்லது.

அக்கா.


ஜூன் 9

அக்கா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

உன் மனம் குளிர்ந்திருக்கும். திறப்பு நாசமாகிவிட்டது. உள்ளே மேஜை நிறையத் தட்டுகள், கேமராவோடு பத்திரிகைக்காரர்கள், சாப்பிட ஒரு ஆள் இல்லை. நாங்கள் அழைத்தவர்கள் எல்லோரும் வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமலே திரும்பிப் போயிருக்கிறார்கள். பத்திரிகையில் என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ‘புறக்கணித்தது பழைய தெரு.’ முதலாளி என்னை வாய்க்கு வந்தபடி பேசினார். பங்கு என்ற பேச்சே இப்போது கம்பெனியில் இல்லை.

இது உன் வேலை. நீதான் வீடு வீடாகப் போய் அவர்களைத் தூண்டிவிட்டிருக்கிறாய். உனக்கு நல்லது என்று மிரட்டி எழுதியபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். படிப்பு நின்றதற்கு என்னைப் பழிவாங்க இத்தனை வருஷம் காத்திருந்தாயா? நான் கேட்டா உன்னை நிறுத்தினார்கள்? எனக்கு அப்போது ஒன்பது வயது.

இனி எழுதாதே.


ஜூன் 18

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கடைசிவரை படி.

நீ கேட்டு என் படிப்பை நிறுத்தவில்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஒன்பது வயதில் உனக்குத் தெரியாதது குற்றமில்லை. ஐம்பதை நெருங்கிய பிறகும் தெரிந்துகொள்ளாமல் சுவரில் எழுதினாயே, அதற்குத்தான் என் கோபம்.

நான் யாரையும் தூண்டவில்லை. ஒருத்தர் வீட்டுக்கும் போகவில்லை. அன்றைக்கு மருந்துக்கடைப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எல்லோரும் வந்தார்கள். ஆசையாகத்தான் வந்தார்கள். பூட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தார். ரேடியோ மாமா தலைக்குச் சாயம் பூசியிருந்தார். தையல்காரர் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு எழுந்து வந்து சேர்ந்துகொண்டார். பேசிச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் வாசலுக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டார்கள். ஏசி போட்டிருப்பதால் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். சாத்திய கதவு, அதன் மேல் கரண்டி. பூட்டுக்காரர் அதைப் பார்த்தார். பின்னால் திரும்பி, ‘முடிஞ்சுபோச்சு, வாங்க போலாம்’ என்றார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அப்படியே திரும்பிவிட்டார்கள்.

கொண்டைக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். அவர் கையைப் பூட்டுக்காரர் பிடித்துக்கொண்டு சமாதானமாகச் சொன்னார்: ‘பரவால்ல தம்பி. எங்க தப்புதான், லேட்டா வந்துட்டோம். நாளைக்குச் சீக்கிரமா வர்றோம்.’ அந்த மனுஷனுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் உள்ளே போயிருப்பார்கள். சொல்லவில்லை. அதற்கு மட்டும் என்னைத் திட்டு.

இப்போது கேள். பரிமாறும்போது கரண்டி எங்கே இருக்கும்? அம்மாவின் கையில் இருக்கும். கதவு திறந்திருக்கும். பானை காலியானால்தான் அதைக் கழுவிக் கதவின் வெளிப்பக்கம் ஆணியில் மாட்டுவாள், கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போடுவாள். கரண்டி தொங்கினால் சோறு இல்லை, தட்டாதே, போய்விடு என்று அர்த்தம். சந்தையில் மூட்டை தூக்குகிறவன் முதல் அடுத்த தெருக்காரன் வரைக்கும் எல்லோருக்கும் அது தெரியும். பசியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்பத்தான் அந்தக் கரண்டியே.

ஏன் அப்படி வைத்தாள் என்று கேள். நசுங்கலின் கதையும் அதுதான். ஒருநாள் பானை காலியான பிறகு மூட்டை தூக்குகிற ஒருவன் வந்தான். இல்லை என்றாள். ஒளித்து வைத்துக்கொண்டு இல்லை என்கிறாயா என்று கத்தினான். அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர்ப் பானையை எட்டி உதைத்தான். அவ்வளவும் அவள் பாதத்தில். நான் தட்டுகளோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தழும்பை நீ பார்த்திருப்பாய். அடுப்பில் பட்டது என்று உன்னிடம் சொல்லியிருப்பாள். மறுநாளே காலில் துணியைச் சுற்றிக்கொண்டு சமைத்தாள். அன்றைக்குத்தான் அந்த ஆணியை அடித்தாள். இல்லை என்று வாயால் சொல்வதற்கு அதன்பிறகு அவளுக்குப் பயம்.

நீ பள்ளி விட்டு வந்து தெருவில் திரும்பும்போதெல்லாம் கரண்டி தொங்கியது என்று எழுதியிருந்தாய். தொங்கத்தான் செய்யும். நீ வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நாங்கள் வேலை செய்து நீ ஒரு நாளாவது பார்த்ததுண்டா? கதவு சாத்தியிருக்கும், நீ சந்து வழியாக வந்து ஜன்னலைத் தட்டுவாய், நான் திறப்பேன். அதை வைத்துக்கொண்டு அம்மா எல்லோரையும் வா வா என்றாள் என்று ஊருக்குச் சொல்லிவிட்டாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா.


ஆகஸ்ட் 2

அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? முட்டி எப்படி இருக்கிறது? இங்கே மூவரும் உடம்புக்கு நலம்.

போன வாரம் முதலாளியிடம் பேசி முடித்தேன். படத்தையும் எழுத்தையும் எடுத்துவிடுவார்கள். பெயரையும் மாற்றுகிறார்கள். செலவு கம்பெனி தலையில் விழுந்ததால் இனி எனக்கு அங்கே பழைய அலமாரி வேலைதான். கரண்டியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், அதே துண்டில்தான் சுற்றியிருக்கிறேன்.

உன் கடிதத்தைக் கடைசிவரை படித்தேன். பல தரம் படித்தேன். ஒன்று கேட்க வேண்டும். கேட்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. கரண்டி தொங்கினால் பானை காலி என்றால், எனக்கு மூடி வைத்திருந்த தட்டு எங்கிருந்து வந்தது? ஒளித்து வைத்திருக்கிறாய் என்று அந்த ஆள் கத்தியபோது அது அங்கே இருந்ததா?

நான் வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். இருபதாம் தேதி.

தம்பி.


ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

முட்டி வலிக்கிறது, மற்றபடி நலம். கரண்டி வந்து சேர்ந்தது.

எதிரே படத்தைப் பிய்த்துவிட்டார்கள். பசை நன்றாகப் பிடித்திருந்த ஒரு மூலை மட்டும் வரவில்லை. என் முழங்கைதான். கொண்டைக்காரர் வந்து, சுரண்டச் சொல்லட்டுமா என்று கேட்டார். இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

தட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆமாம், இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், மூடி போட்டு. அந்த ஆள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கத்தினான். அதைக் கொடுத்துவிடலாம் என்று நான் அம்மாவின் தோளைத் தொட்டேன். ‘அது என் புள்ளைக்கு’ என்றாள். அதற்குப் பிறகுதான் பானையை உதைத்தான்.

அந்தச் சோறு யாருடையது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் பங்கு. நான் தியாகம் செய்ததாக நினைத்துக்கொண்டு இன்னொரு சுவரைத் தேடாதே. என்னை யாரும் கேட்கவில்லை. அவள் எடுத்து மூடி வைத்தாள், நான் பானையைச் சுரண்டினேன், தினமும் அப்படித்தான். அதற்காக அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. உன் மேலும் உண்டு. நீ வருவதால் அது போய்விடாது.

வா. பஸ் நிலையத்துக்கு நான் வரமாட்டேன், வழி உனக்குத் தெரியும். சந்து வழியாக வராதே, வாசல் வழியாக வா. கரண்டியை என் கதவில் மாட்டியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போது உனக்குத் தெரியும்.

சாப்பிட்டுவிட்டு வா.

அக்கா.